412 பை ஏத்தியாச்சு, கூகுள்ல 38 தான் வருது: என்னண்ணா பண்றது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்க தாராவி 90 ஃபீட் ரோட்டுல இருக்கோம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ரொம்ப வருஷமா லெதர் பை தைக்கிறாங்க. போன வருஷம் அக்கா மகன் வூகாமர்ஸ்ல (வேர்ட்பிரஸ்ல ஆன்லைன் கடை வைக்கிற ப்ளகின்) வெப்சைட் போட்டுக் குடுத்தான். 412 பை ஏத்திருக்கோம். சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்ட கூகுள் எப்படிப் பாக்குதுன்னு காட்டுற கூகுளோட டூல்) பாத்தா 38 தான் இண்டெக்ஸ் ஆகியிருக்கு, அதாவது கூகுள் தேடல்ல காட்டுற லிஸ்ட்ல சேந்திருக்கு. 231 'க்ரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு', 74 'டிஸ்கவர்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு', 52 'நோஇண்டெக்ஸ்', 17 'டூப்ளிகேட்'னு காட்டுது. தினமும் 'ரெக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' அமுக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தர் 15,000 ரூபா குடுத்தா 48 மணி நேரத்துல எல்லாத்தையும் இண்டெக்ஸ் பண்ணித் தர்றேங்கிறாரு, குடுக்கலாமா? ஏஐல டிஸ்கிரிப்ஷன் எழுதிப் போட்டா சரியாகுமா? ஸ்டாக் தீந்த பையெல்லாம் ஹிட்டன்ல போட்டு வெச்சிருக்கேன். பின்கோடு போட்டாத்தான் விலை வர்ற மாதிரி ஒரு ப்ளகின் இருக்கு, அது நல்லா வேலை செய்யுது. வெப்சைட் அட்ரஸ் அனுப்பிருக்கேன், ஒரு பார்வை பாருங்கண்ணா.

பதில்:

வணக்கம்மா. மொதல்ல அந்த 15,000 ரூபா மேட்டர முடிச்சிடுவோம், நீங்க இதப் படிக்கிறதுக்குள்ள ஜிபே பண்ணிடப் போறீங்களோன்னு எனக்கு பயமா இருக்கு. குடுக்காதீங்க. கூகுள் காசு வாங்கிட்டு யாரோட பேஜையும் சீக்கிரமா க்ரால் பண்றதும் (வந்து படிச்சுப் பாக்குறதும்) இல்ல, மேல ஏத்துறதும் இல்ல, அத அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. இந்த '48 மணி நேரம்' பார்ட்டிங்க பெரும்பாலும் என்ன பண்ணுவாங்கன்னா, இண்டெக்ஸிங் ஏபிஐன்னு கூகுளுக்கு நேரா லிங்க் அனுப்புற வழி ஒண்ணு இருக்கு, அது வேலைவாய்ப்பு விளம்பர பேஜுக்கும் லைவ் வீடியோ பேஜுக்கும் மட்டும்தான்னு கூகுள் தெளிவா சொல்லியிருக்கு, அதுல உங்க பை லிங்க் அத்தனையையும் கொட்டிட்டு, கூகுள்பாட் (பேஜ் பேஜா வந்து படிக்கிற கூகுளோட ப்ரோக்ராம்) வந்து எட்டிப் பாத்த உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டு காச வாங்கிடுவாங்க. பாட் வர்றது வேற, பாத்த பேஜ இண்டெக்ஸ்ல வைக்கிறது வேற. உங்க 231 பேஜுக்கும் பாட் ஏற்கெனவே வந்துட்டுப் போயாச்சு. பாத்துட்டு, இது வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கு. அத திரும்பவும் இழுத்துட்டு வந்து அதே பேஜக் காட்டி என்ன புண்ணியம்?

நீங்க தினமும் ரெக்வெஸ்ட் இண்டெக்ஸிங் அமுக்குறதும் இதே கதைதான். அதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு லிமிட் இருக்கு, ஒரே லிங்க்குக்கு பத்து தடவ அமுக்குனாலும் வேகம் கூடாதுன்னு கூகுளே சொல்லுது. அந்த நேரத்துல ஒரு பேஜ திருத்தியிருந்தீங்கன்னா இந்நேரம் பாதிக் கடைய முடிச்சிருக்கலாம். கோவிச்சுக்காதீங்க, எல்லாரும் பண்றதுதான் இது, பட்டன்னு ஒண்ணு இருந்தா அமுக்கத்தான் கை போகும்.

சரி, வெப்சைட்டப் பாத்தேன். லெட்டரோட கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்களே, பின்கோடு போட்டாத்தான் விலை வரும், நல்லா வேலை செய்யுதுன்னு, எனக்கு அங்கதான் மொதல்ல சந்தேகம் தட்டுச்சு. கூகுள்ல ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்னு ஒரு டூல் இருக்கு, அதுல யாரு வெப்சைட்ட வேணும்னாலும் போட்டு மொபைல் கூகுள்பாட் கண்ணுக்கு அந்த பேஜ் எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம், சர்ச் கன்சோல் பெர்மிஷன் எதுவும் வேணாம். உங்க பேஜ் சிலத அதுல போட்டுப் பாத்தேன். பையோட பேரு இருக்கு, போட்டோ இருக்கு, அதுக்குக் கீழ 'விலை மற்றும் விவரங்களுக்கு பின்கோடு உள்ளிடவும்'னு ஒரு பெட்டி இருக்கு, அப்புறம் ஷிப்பிங் பாலிசி, ரிட்டர்ன் பாலிசி, ஃபுட்டர். அவ்வளவுதான். விலை இல்ல, சைஸ் இல்ல, என்ன தோல்னு இல்ல, ஸ்டாக் இருக்கா இல்லையான்னு இல்ல. உங்க ப்ளகின் விலைய மட்டும் மறைக்கல, மொத்த விவரத்தையும் சேத்து மறைக்குது, பின்கோடு அடிச்சப்புறம்தான் அதெல்லாம் சர்வர்ல இருந்தே வருது. நீங்க போன்ல ஒரு தடவ 400017 அடிச்சு வெச்சிட்டீங்க, அதுக்கப்புறம் குக்கீல (ப்ரவுசர் ஞாபகம் வெச்சுக்குற சின்னக் குறிப்பு) அது நின்னுடுச்சு, உங்களுக்கு எப்பவுமே முழு பேஜ் தெரியுது, அதனால உங்களுக்கு சந்தேகமே வரல.

கூகுள்பாட் 2019ல இருந்து லேட்டஸ்ட் க்ரோம் எஞ்சின்லதான் பேஜத் தொறந்து பாக்குது, ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாம் நல்லாவே ஓட்டும், அதனாலதான் நம்ம டெவலப்பர் பசங்க 'இப்ப கூகுளுக்கு எல்லாமே தெரியும்'னு தைரியமா இருக்காங்க. ஆனா அது எதையும் க்ளிக் பண்ணாது, பெட்டில எதையும் டைப் அடிக்காது, போன பேஜ்ல வாங்கின குக்கீய அடுத்த பேஜுக்குக் கொண்டு வராது. பெரும்பாலும் அமெரிக்க ஐபி அட்ரஸ்ல இருந்து வரும். அதுக்கு தாராவியும் தெரியாது, பின்கோடும் தெரியாது. அப்ப அதோட பார்வைல உங்க 412 பேஜும் என்ன? பேரும் போட்டோவும் மட்டும் வேற, மத்தபடி வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு. 17 டூப்ளிகேட்னு வந்ததுல எனக்கு ஆச்சரியம் இல்ல, 17 மட்டும்தான் வந்துச்சாங்கிறதுதான் ஆச்சரியம். அந்த 38 எப்படித் தப்பிச்சுதுன்னு கேட்டா, ப்ளகின் போடுறதுக்கு முன்னாடியே பாட் வந்து பாத்த பேஜா இருக்கலாம், சர்ச் கன்சோல்ல இருக்குற யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்ல ஒவ்வொண்ணுக்கும் லாஸ்ட் க்ரால் தேதி இருக்கும், ப்ளகின் போட்ட தேதியோட ஒத்துப் பாருங்க. அப்படித்தான்னா அந்த 38ம் அடுத்த தடவ பாட் வரும்போது கழண்டுக்க வாய்ப்பிருக்கு, அதனால மொத வேலை இதுதான், இன்னிக்கே.

பின்கோடு எதுக்கு வெச்சீங்கன்னு எனக்குப் புரியுது. மும்பைக்குள்ள ஒரு ரேட்டு, நெல்லைக்கு ஒரு ரேட்டு, கவுகாத்திக்கு ஒரு ரேட்டு. நியாயம்தான். ஆனா அதுக்கு விலைய ஏன் மறைக்கணும்? பையோட விலை எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே. வூகாமர்ஸ்ல ஷிப்பிங் ஜோன்னு ஏற்கெனவே இருக்கு, அதுல பின்கோடு வாரியா ரேட் போடலாம், 400ல ஆரம்பிக்கிற எல்லாத்துக்கும் ஒரே ரேட்னு ஸ்டார் போட்டு ஒரே வரில எழுதிடலாம், கார்ட் பேஜ்ல ஷிப்பிங் கால்குலேட்டரும் ஆன் பண்ணிக்கலாம். அதுக்குன்னு தனியா ப்ளகினே தேவையில்ல. பொருள் பேஜ்லயே 'எங்க ஊருக்கு வருமா'ன்னு பாக்குற பெட்டி வேணும்னு அப்பா ஆசைப்பட்டா வெச்சுக்கோங்க, ஆனா விலை, விவரம், ஸ்டாக் மூணும் பெட்டிக்கு முன்னாடியே பேஜ்ல இருக்கணும். இன்னொண்ணு, நாளைக்கு கூகுளோட மெர்ச்சண்ட் சென்டர்ல போய் ஃப்ரீ லிஸ்டிங் போடலாம்னு நெனச்சீங்கன்னா அங்கயும் ஃபீட்ல (நீங்க அனுப்புற பொருள் லிஸ்ட்) இருக்குற விலையும் பேஜ்ல இருக்குற விலையும் ஒண்ணா இருக்கான்னு செக் பண்ணுவாங்க, பேஜ்ல விலையே இல்லேன்னா அங்கயும் கதவச் சாத்திடுவாங்க.

மாத்தின உடனே சர்ச் கன்சோல்ல யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் போய் 'டெஸ்ட் லைவ் யூஆர்எல்' அமுக்கி, வர்ற ஹெச்டிஎம்எல்லுக்குள்ள உங்க பை விலையத் தேடுங்க. இருந்தா பாட்டுக்குத் தெரியுதுன்னு அர்த்தம். ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, அது பாதிதான் காட்டும். பழைய வீடியோலெல்லாம் 'கேஷ்' (கூகுள் சேமிச்சு வெச்ச பேஜ் காப்பி) போட்டுப் பாருங்கம்பாங்க, கூகுள் அத 2024லயே எடுத்துட்டாங்க.

அடுத்தது 52 நோஇண்டெக்ஸ், அதாவது 'என்ன இண்டெக்ஸ்ல சேக்காதே'ன்னு பேஜே கூகுள்கிட்ட சொல்றது. இது ரொம்ப ஈஸி. ஸ்டாக் தீந்த பையெல்லாம் ஹிட்டன்ல போட்டேன்னு சொன்னீங்கல்ல, சில எஸ்இஓ ப்ளகின்ல (கூகுள் தேடலுக்காக சைட்டச் சரி பண்ற ப்ளகின்) 'ஹிட்டன் பொருளுக்கு நோஇண்டெக்ஸ் போடு'ன்னு ஒரு செட்டிங் இருக்கும், உங்க அக்கா மகன் அத டிக் பண்ணி வெச்சிருப்பான்னு நெனைக்கிறேன். நீங்க ஒளிச்சு வெச்சீங்க, அது கூகுள்கிட்டயும் ஒளிச்சு வெச்சிடுச்சு, சொன்ன வேலையத்தான் செஞ்சிருக்கு. திரும்ப தைக்கப் போற டிசைன்னா ஹிட்டன்ல போடாதீங்க, ஸ்டாக் இல்லன்னு மட்டும் மாத்துங்க, பேஜ் அப்படியே இருக்கட்டும், 'பத்து நாள்ல தைச்சுத் தருவோம், வாட்ஸாப் பண்ணுங்க'ன்னு ஒரு வரி போடுங்க, உங்களுக்கு அது ஆர்டரே கொண்டு வரும், கடை வெச்சு விக்கிறவனால அப்படிச் சொல்ல முடியாது, பட்டறை வெச்சிருக்குற நீங்க சொல்லலாம். இனிமே தைக்கவே மாட்டோம்னு முடிவான டிசைன்னா, அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற டிசைனுக்கு 301 ரீடைரக்ட் (பழைய அட்ரஸுக்கு வர்றவங்கள நிரந்தரமா வேற அட்ரஸுக்குத் திருப்புறது) போடுங்க, அப்படி ஒண்ணு இல்லேன்னா பேசாம டெலீட் பண்ணி 404 ('பேஜ் இல்ல') வர விடுங்க, அதுல தப்பே இல்ல. எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் திருப்பி விடுறது மட்டும் வேணாம், கூகுள் அத சாஃப்ட் 404ன்னு, அதாவது இல்லாத பேஜ் மாதிரியேன்னு, கணக்குல எடுத்துக்கும், உங்க பழைய கஸ்டமரும் பையத் தேடி வந்து ஹோம் பேஜப் பாத்துட்டு முழிப்பாங்க.

நோஇண்டெக்ஸ்னு பேச்சு வந்ததால வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க 'சர்ச் எஞ்சின இண்டெக்ஸ் பண்ண விடாதே'ங்கிற மாதிரி ஒரு டிக் இருக்கான்னு பாத்துடுங்க. உங்களுக்கு இல்ல, இருந்தா 38 கூட வந்திருக்காது. ஆனா சைட்ட வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தும்போது சும்மா டெஸ்டுக்குன்னு அத டிக் பண்ணிட்டு எடுக்க மறந்தவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

74 டிஸ்கவர்டு. இதுக்கு என்ன அர்த்தம்னா அட்ரஸ் கூகுளுக்குத் தெரியும், ஆனா இன்னும் வந்து பாக்கல. சைட்மேப்ல (சைட்ல இருக்குற பேஜ் அட்ரஸோட லிஸ்ட்) இருந்து தெரிஞ்சிருக்கும். ஏன் வரலன்னு பாத்தா உங்க தீம்ல கேட்டகரி பேஜ்ல 12 பை காட்டிட்டு 'லோட் மோர்'னு ஒரு பட்டன் இருக்கு. பாட் க்ளிக் பண்ணாதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு உங்க கடைல ஒரு கேட்டகரிக்கு 12 பைதான் இருக்கு. மிச்சமெல்லாம் சைட்மேப்ல மட்டும் ஒரு வரியா இருக்கு, உள்ளேர்ந்து ஒரு லிங்க்கும் கிடையாது. கடைக்காரரே உள்ள ஒரு லிங்க் குடுக்காத பேஜ கூகுள் அவசரமா வந்து பாக்காது. தீம் செட்டிங்ல லோட் மோர ஆஃப் பண்ணிட்டு சாதா 1, 2, 3 பேஜ் நம்பர் வர்ற மாதிரி வெச்சிடுங்க, வூகாமர்ஸ் அத தானாவே தரும், தீம் காரன்தான் ஸ்டைலுக்காக அத எடுத்துட்டு பட்டன் வெச்சிருக்கான். லோட் மோர்தான் அழகா இருக்குன்னா பட்டனுக்கு அடில நிஜமான லிங்க் இருக்குற மாதிரி பண்ணித் தரச் சொல்லுங்க, உங்க அக்கா மகனால முடியும்.

அதோட சர்ச் கன்சோல்ல செட்டிங்ஸுக்குள்ள க்ரால் ஸ்டாட்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும், அதுல உங்க சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாருங்க. நான் தொறந்தப்பவே பேஜ் வர்றதுக்கு அநியாயத்துக்கு நேரம் ஆச்சு. சர்வர் திணறினா பாட் தானாவே வேகத்தக் குறைச்சுக்கும். ஸ்பாம் ஆர்டர் வருதுன்னு யாராவது 'வெளிநாட்டு ஐபி எல்லாத்தையும் ப்ளாக் பண்ணு'ன்னு செக்யூரிட்டி ப்ளகின்ல போட்டு வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. பாட் அமெரிக்கால இருந்து வருது, ஞாபகம் இருக்கட்டும்.

க்ரால் பட்ஜெட்னு (ஒரு சைட்டுல க்ரால் பண்ண கூகுள்பாட் ஒதுக்குற அளவு) ஒரு வார்த்தை உங்ககிட்ட யாராவது கொண்டு வருவாங்க, அதுக்கும் ஒரு பேக்கேஜ் விப்பாங்க. பத்து லட்சம் பேஜுக்கு மேல இருக்குற சைட்டு, இல்ல தினமும் மாறுற பேஜே பத்தாயிரத்துக்கு மேல இருக்குற சைட்டு, அவங்க கவலைப்பட வேண்டிய விஷயம் அது. உங்களுக்கு இல்ல. ஆனா ஃபில்டர மட்டும் கொஞ்சம் கட்டிப் போடணும். சைட்ல கலர் 6, விலை 5, சைஸ் 4ன்னு ஃபில்டர் வெச்சிருக்கீங்க, மூணுலயும் ஒண்ணொண்ணு எடுத்துக் கலந்தா 120 அட்ரஸ், அதுல வூகாமர்ஸோட சார்ட் பண்ற வழி 6ம் சேந்தா 720, அதுவும் ஒரே ஒரு கேட்டகரிக்கு. எல்லாமே அதே 412 பையத்தான் கலைச்சுக் கலைச்சுக் காட்டுது. முன்னாடி இதுக்குன்னு சர்ச் கன்சோல்ல யூஆர்எல் பராமீட்டர் டூல் ஒண்ணு இருந்துச்சு, 2022ல எடுத்துட்டாங்க. இப்ப உங்க கைல இருக்குறது ரோபோட்ஸ் ஃபைல் (பாட் எங்க வரக் கூடாதுன்னு எழுதி வைக்கிறது), நோஇண்டெக்ஸ், கேனோனிக்கல் (ஒரே மாதிரி பேஜுல எது மெயின்னு சொல்றது) மூணுதான். உங்க சைஸ் கடைக்கு ஃபில்டர் அட்ரஸ மட்டும் ரோபோட்ஸ் ஃபைல்ல தடுத்துட்டா போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, ரோபோட்ஸ்ல தடுத்த பேஜுக்கு உள்ள நோஇண்டெக்ஸும் போட்டு வெச்சா அது ஷட்டர இழுத்துச் சாத்திட்டு உள்சுவத்துல நோட்டீஸ் ஒட்டின மாதிரி, வெளில நிக்கிறவன் எப்படிப் படிப்பான்? பாட் உள்ள வந்தாத்தான் நோஇண்டெக்ஸ் அதுக்குத் தெரியும். ரெண்டுல ஒண்ணு போதும்.

இப்ப அந்த 231க்கு வருவோம். பின்கோடு பெட்டிய எடுத்ததும் இதுல ஒரு பங்கு தானா சரியாகும்னு நம்புறேன், முழுசா ஆகாது. ஏன்னா பின்கோடு அடிச்சுட்டு உள்ள போயும் நான் பாத்தேன். உங்ககிட்ட 412 பை இல்லம்மா. கிட்டத்தட்ட 70 டிசைன்தான் இருக்கு. ஒரே லேப்டாப் பைய கறுப்பு, டார்க் பிரவுன், டேன், செர்ரி, நீலம், ஆலிவ்னு ஆறு பேஜா போட்டிருக்கீங்க, ஆறுலயும் டிஸ்கிரிப்ஷன் ஒண்ணு, அதுவும் ரெண்டே வரி, 'ஹை குவாலிட்டி ப்யூர் லெதர் பேக், பெஸ்ட் ஃபார் ஆஃபீஸ் யூஸ்'. அதே ரெண்டு வரிதான் அமேசான்ல நீங்க போட்டிருக்குற லிஸ்டிங்லயும் இருக்கு, உங்ககிட்ட ஹோல்சேல்ல எடுத்து விக்கிறவங்க ரெண்டு மூணு பேரும் அதையே காப்பி பண்ணிப் போட்டிருக்காங்க, உங்க போட்டோவோட. தேடிப் பாருங்க, வரும். கூகுள் இதுல எத எடுத்து வைக்கும்? பழகின பெரிய சைட்ல இருக்குறத வெச்சுக்கும், மிச்சத்த விட்டுடும். கண்டிப்பா உங்கள இண்டெக்ஸ் பண்றோம்னு அவங்க யாருக்கும் வாக்குக் குடுக்கல, எல்லா ரூலும் சரியா இருந்தாலும்கூட.

அதனால நான் சொல்றது உங்களுக்கு ஒப்புக்காது, இருந்தாலும் சொல்றேன், பேஜக் கொறைங்க. 412 இண்டெக்ஸ் ஆகணும்னு நெனைக்காதீங்க, 70 ஆகணும்னு நெனைங்க. வூகாமர்ஸ்ல வேரியபிள் ப்ராடக்ட்னு இருக்கு, ஒரே பேஜ்ல ஆறு கலரையும் வட்டம் வட்டமா வெச்சு செலக்ட் பண்ற மாதிரி. அதுக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி சர்ச் கன்சோல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்ல அந்த ஆறுல எந்த பேஜுக்கு க்ளிக் வந்திருக்குன்னு பாத்து அந்த அட்ரஸையே மெயின் பேஜா வெச்சுக்கோங்க, மிச்ச அஞ்சையும் அதுக்கு 301ல திருப்புங்க. ரீடைரக்ஷன்ங்கிற பேர்லயே ஒரு இலவச ப்ளகின் இருக்கு. கலர் பேர் சொல்லியே ஜனங்க தேடி வர்ற பை ஒண்ணு ரெண்டு இருக்கலாம், உங்க டேன் கலர் ஸ்லிங் பேக் அப்படின்னு தோணுது, அது அந்த 38லயும் இருக்கு, அத மட்டும் தனி பேஜாவே விடுங்க, ஆனா அதுக்குத் தனியா எழுதவும் செய்யணும்.

கேனோனிக்கல் போட்டா போதாதான்னு உங்க அக்கா மகன் கேப்பான். 2009ல இருந்து இருக்கு அது, நல்ல விஷயம்தான், ஆனா அது நம்ம விருப்பத்தச் சொல்றதுதான், கூகுள் கேக்கலாம் கேக்காமலும் போகலாம். தவிர, ஆறு பேஜ வெச்சுட்டு அஞ்சு பேஜ் 'நான் முக்கியமில்ல'ன்னு சொல்றதுக்கு, ஒரே பேஜா வெச்சா அப்பாவுக்கும் விலை மாத்த ஒரு எடம்தான் இருக்கும்.

சரி, அந்த 70 பேஜ்ல என்ன எழுதுறது. ஏஐல எழுதலாமான்னு கேட்டீங்க. ஏஐ உங்க பையத் தொட்டுப் பாத்ததில்ல. பேர மட்டும் குடுத்து எழுதச் சொன்னா 70 பேஜுக்கும் 'காலத்தை வென்ற நேர்த்தி'ன்னு ஏதாவது எழுதும், பேஜ் நீளமாகும், விஷயம் ஏறாது. யூஸ் இல்லாத பேஜ மொத்தமா உருவாக்கிக் கொட்டுறத கூகுள் 2024 மார்ச்ல ஸ்பாம் பாலிசிலயே சேத்துட்டாங்க, மனுசன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும் சரி. விவரத்த நீங்க குடுத்து, வரியச் சீர் பண்ண மட்டும் ஏஐயக் கேட்டா எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல.

விவரம் எங்க இருக்குன்னா அப்பாகிட்ட இருக்கு. சயான் பாந்த்ரா லிங்க் ரோட்டுல இருக்குற லெதர் கடைல ஒரு அரைமணி நேரம் நின்னு பாருங்க, வர்றவன் என்ன கேக்குறான்? மொதக் கேள்வியே 'அஸ்லி லெதர் ஹை க்யா?' (நெஜ லெதர்தானா?) அதுக்கு அப்பா என்ன பதில் சொல்லுவாங்களோ அதுதான் உங்க டிஸ்கிரிப்ஷனோட மொத வரி. ஆட்டுத் தோலா, செம்மறியா, எருமையா. தோல் ஆம்பூர்ல இருந்து வந்துச்சா, ராணிப்பேட்டையா, கான்பூரா. எத்தன மில்லி மீட்டர் கனம். உள்ள லைனிங் காட்டனா, பாலியெஸ்டரா. ஜிப் எந்தக் கம்பெனி, அத்துப் போனா மாத்தித் தருவீங்களா. 15.6 இஞ்ச் லேப்டாப் சார்ஜரோட நுழையுமா, நுழைஞ்சா ஜிப் மூடுமா. காலி பை எத்தன கிராம், ஏன்னா சர்ச்கேட் லோக்கல் ட்ரெயின்ல நின்னுட்டே போறவனுக்கு அது முக்கியம். ஜூன் ஜூலை மழைல நனைஞ்சா என்ன பண்ணணும், பூசணம் பிடிச்சா என்ன பண்ணணும், இது மும்பைல ஒவ்வொரு லெதர் பை வாங்குறவனும் கேக்குற கேள்வி, ஆனா உங்க ரெண்டு வரில இதுல ஒண்ணு கூட இல்ல. இந்த விஷயமெல்லாம் உங்க பைய எடுத்து விக்கிறவன் யாருக்கும் தெரியாது, தைச்சவங்களுக்குத்தான் தெரியும், காப்பி பண்ணவும் கூச்சப்படுவான், ஏன்னா ஜிப் மாத்தித் தர அவன்கிட்ட பட்டறை இல்ல.

வேலை எப்படி பண்றதுன்னா, அப்பா பட்டறைல உக்காந்திருக்கும்போது ஒரு பைய அவங்க கைல குடுத்து 'இதப் பத்தி ஒரு கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்கப்பா'ன்னு வாய்ஸ் நோட் எடுங்க. ரெண்டு நிமிஷம் பேசுவாங்க. அத வெச்சு நீங்க எழுதுங்க. ஒரு நாளைக்கு அஞ்சு பை எழுதினா 70ம் ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும், நல்லா விக்கிற பையில இருந்து ஆரம்பிங்க. போட்டோவும் பையோட உள்பக்கம் ஒண்ணு, தையல் கிட்டத்துல ஒண்ணு புதுசா எடுங்க, இப்ப இருக்குறதெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். அமேசான் லிஸ்டிங்க அப்படியே விட்டுடுங்க, அது அங்க ஓடட்டும். வெப்சைட்ல இருக்குறது அதவிட விவரமா இருந்தா போதும்.

தமிழ்ல எழுதலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்கன்னு தோணுது. எழுதலாம், தமிழ் பேஜ் கூகுள்ல தாராளமா இண்டெக்ஸ் ஆகும். ஆனா உங்ககிட்ட வாங்குறவங்கள்ல இந்தியும் இங்கிலீஷும் பேசுறவங்க நெறைய இருப்பாங்க, மொதல்ல இங்கிலீஷ்ல 70ஐயும் முடிங்க.

சைட்மேப் பத்தி ரெண்டு வார்த்தை. பேஜக் குறைச்சப்புறம் பழைய 412 அட்ரஸ் அதுல நிக்கக் கூடாது, எஸ்இஓ ப்ளகின் தானா புதுப்பிக்கும், ஒரு தடவ தொறந்து கண்ணால பாத்துக்கோங்க. அதுல ப்ரையாரிட்டி, சேஞ்ச் ஃப்ரீக்வென்சின்னு நம்பர் போட்டு விளையாடாதீங்க, கூகுள் அத பாக்குறதே இல்ல. மைக்ரோசாஃப்டோட பிங் தேடல்ல இண்டெக்ஸ்நௌன்னு ஒண்ணு இருக்கு, மாத்தின உடனே சொல்லி அனுப்பும், ப்ளகின்ல ஆன் பண்ணி விடுங்க, செலவில்ல. கூகுள் அத எடுத்துக்கல, அதனால அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

எல்லாம் மாத்தினப்புறம் சர்ச் கன்சோல்ல 'நாட் இண்டெக்ஸ்டு'க்குக் காட்டுற ஒவ்வொரு காரணத்துக்குள்ளயும் போய் 'வேலிடேட் ஃபிக்ஸ்' ஒரு தடவ அமுக்குங்க. ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுவாங்க, கூடவும் ஆகலாம். நடுவுல 'நாட் இண்டெக்ஸ்டு' நம்பர் ஏறும், ஏன்னா ரீடைரக்ட் ஆன முந்நூத்திச் சொச்சம் அட்ரஸும் 'பேஜ் வித் ரீடைரக்ட்'னு அங்கதான் வந்து உக்காரும். பாத்து பதறாதீங்க, அது வரணும். நீங்க பாக்க வேண்டிய நம்பர் ஒண்ணுதான், அந்த 70ல எத்தன உள்ள போயிருக்கு. ஒரு மாசம் கழிச்சும் பத்துப் பதினஞ்சு வராம நின்னா அந்த பேஜ் லிங்க மட்டும் எனக்கு அனுப்புங்க, பாக்குறேன். அதுக்கப்புறம் 'லெதர் பேக் மும்பை'ன்னு அடிச்சா மொத பேஜ்ல வரலியேன்னு கேக்காதீங்க, இண்டெக்ஸ் ஆகுறது வேற பிரச்சனை, மேல வர்றது வேற பிரச்சனை, அது இன்னொரு லெட்டர்.

ரீடைரக்ட் மட்டும் கூகுள் சொல்றபடி ஒரு வருஷமாவது இருக்கட்டும், முடிஞ்சா எடுக்கவே வேணாம். நீங்க வாட்ஸாப்ல கஸ்டமர்களுக்கு அனுப்பின பழைய கறுப்பு பை லிங்க் எல்லாம் இன்னும் யார் யார் போன்லயோ கெடக்கும், தீபாவளி போனஸ் வந்தப்புறம்தான் அதத் தொறந்து பாப்பாங்க.